காந்தாரி அழுவதற்குப் பத்து நிமிஷம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஆடிச் சிறப்புப் பக்கத்தில் அம்மன் வழிபாடு பற்றி வந்த கட்டுரையை வெட்டி எடுத்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் மடித்து வைத்து, மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படம் அருமை. மஞ்சள் பூசிய முகம், அரக்கு நிறப் பட்டு, எலுமிச்சம்பழ மாலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுரையின் கடைசியில் இருந்த ஒரு விஷயம்தான் மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. அம்மன் பொறுமையின் வடிவமாம். இந்தக் காலத்துப் பெண்கள் அவளைப் பார்த்துப் பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. தருமபுரிப் பக்கம் ஒரே ஒரு திருவிழாவுக்காவது வந்து உட்கார்ந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாலக்கோடு, காரிமங்கலம், பாப்பாரப்பட்டி என்று இந்த வட்டாரத்துத் துணை சுகாதார நிலையங்களிலேயே காலம் போனது. முதலில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ் 50. ஊசிப் பெட்டியோடு போகாத தெரு இல்லை, கும்பிடாத அம்மன் கோயிலும் இல்லை. கோயிலைவிட, கோயிலில் வந்து நிற்கிற பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். யாருக்கு எத்தனையாவது பிரசவம், யார் வீட்டில் என்ன அடி என்பதெல்லாம் என் பதிவேட்டில் பாதியும் என் வயிற்றில் பாதியுமாக இருந்தது.

சரி, எங்கள் பக்கத்து அம்மன்களில் யாரைப் பொறுமைசாலி என்று சொல்வது? எண்ணிப் பார்த்தேன். ரேணுகாதேவி ஆற்றுக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள். வானத்தில் போன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் விழுந்தது, பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் குற்றம். பச்சை மண்ணிலேயே குடம் பிடித்து நீர் கொண்டுவருகிற சக்தி அவளை விட்டுப் போய்விட்டதாம். புருஷன் ஜமதக்னி, பெற்ற மகனைக் கூப்பிட்டு அம்மா தலையை வெட்டு என்றார், பரசுராமனும் வெட்டினான். அப்புறம் வரம் வாங்கி உயிர் கொடுக்கிற அவசரத்தில் வேறொருத்தி உடம்பில் தாயின் தலையைப் பொருத்திவிட்டான். கருவறையில் வெறும் தலையாக மாரியம்மன் உட்கார்ந்திருக்கும் கோயில்கள் நம் பக்கம் எத்தனை இருக்கின்றன! அந்தக் கண்களைப் பார்த்து யாராவது பொறுமை என்று சொல்வார்களா?

காவேரிப்பட்டணத்தில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிறாள். ஏன் போகிறாள்? பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளியது சிவபெருமான். அதற்காகச் சரஸ்வதி சபித்தது பார்வதியை. மேல்மலையனூர்ப் புராணம் அப்படித்தான் சொல்கிறது. தப்பு ஒருவர் கணக்கில், சாபம் இன்னொருத்தி கணக்கில். கோரமான உருவத்தோடு மயானத்தில் அலைந்த அவள்தான், கபாலம் ஒட்டிக்கொண்ட கையோடு பிச்சையெடுத்து வந்த புருஷனைக் காப்பாற்றினாள். சோற்றுக் கவளத்தைச் சூறையாக இறைத்தாள். தின்னும் ஆசையில் கபாலம் கையை விட்டு இறங்கியது, காலால் மிதித்து நசுக்கினாள். இந்தக் கதையில் பொறுமை எந்த இடத்தில் வருகிறது என்று நானும் தேடிப் பார்த்தேன்.

தருமபுரிக் கோட்டைக்குள் இருக்கும் காமாட்சி வேண்டுமானால் சாந்தமானவள். இந்தப் பக்கத்தை ஆண்ட நுளம்ப அரசர்கள் காலத்துக் கோயில். யானைகள் தாங்குகிற மேடை, அதன் மேல் அவள் சன்னதி. பக்கத்தில் மல்லிகார்ஜுனேசுவரர் அவளைவிடத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறார். அவளிடம் போய்ப் பெண்ணே அடங்கிப் போ என்று எப்படிச் சொல்வது?

ஆனால் நான் எழுத வந்தது திரௌபதியம்மனைப் பற்றி. எங்கள் பக்கம் துரோபதை. கோயிலுக்குப் பெயர் மட்டும் தருமராஜா கோயில். நன்கொடை ரசீதிலும் அதே பெயர்தான். உள்ளே போனால் நடுவில் நிற்கிறவள் அவள். சூதாடித் தோற்றவருக்குப் பெயர்ப் பலகை, தோற்கப்பட்டவளுக்குக் கருவறை. எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தாரோ! பொறுமை கற்க வேண்டும் என்று யாராவது வந்தால் தருமரிடம் அனுப்பலாம். கதையிலேயே பெரிய பொறுமைசாலி அவர்தான்.

என் சின்ன வயசில் எங்கள் ஊர்ப் பாரதம் பதினெட்டு நாள். பங்குனி கடைசியில் கொடி ஏறும். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பிரசங்கியார் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வருவார். தினம் ஒரு வீட்டில் சாப்பாடு. வில்லிபாரதப் பாட்டை ராகம் போட்டுப் படித்துவிட்டு, கேட்கிறவர்களின் பேச்சிலேயே அர்த்தம் சொல்வார்.

அது புளி தட்டும் சமயம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரியும், பங்குனி சித்திரையில் பொம்பளைகள் கை சும்மா இருக்காது. பங்கு பங்காகப் பிரித்துக்கொண்டு வந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். கூலி எடைக் கணக்கு என்பதால் பாரதம் கேட்க வேலையை விட்டுவிட்டு வர முடியாது. அதனால் வேலையைக் கோயிலுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். கோயில் முன்னால் வேப்பமர நிழலில் கோணியை விரித்து, மடியில் புளி, கையில் சின்ன இரும்பு, எதிரே ஒரு கல். பிரசங்கியார் பாட்டுப் படிப்பார், இங்கே டொக் டொக் என்று நாற்பது ஐம்பது கை தட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த ஒரு பிரசங்கியார் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டாராம். மறுநாள் எதிரே ஆளே இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அவரே அந்தத் தாளத்துக்குப் படிக்கப் பழகிவிட்டார் என்று என் ஆயா சொல்வார்.

துகில் உரிகிற அன்றைக்கு மட்டும் அந்தச் சத்தம் நிற்கும். யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. துச்சாதனன் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு சபைக்கு வருகிற பாட்டு வந்ததும் ஒவ்வொரு இரும்பாக அடங்கும். புளிப்பு வாசனையும் ஈயும்தான் மிச்சம். அப்போது பாஞ்சாலி ஒரு கேள்வி கேட்கிறாள். தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைத்தாரா, என்னைத் தோற்ற பிறகு தன்னைத் தோற்றாரா? தானே அடிமையாகிப் போனவருக்கு இன்னொருத்தியை வைத்து ஆட என்ன உரிமை? பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. தருமம் ரொம்ப நுட்பமானது என்று பீஷ்மர் மழுப்புகிறார். எதிர்க்கட்சியில், துரியோதனனின் நூறு பேர் கூட்டத்தில் ஒருத்தன், விகர்ணன், அவன் ஒருவன்தான் அவள் கேட்பது நியாயம் என்று எழுந்து நிற்கிறான்.

பிரசங்கியார் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையைப் பார்த்து, ஐயாமாரே நீங்களாவது பதில் சொல்லுங்கள் என்பார். தினம் பஞ்சாயத்துப் பேசுகிற வாய்கள் வெற்றிலையை மென்றுகொண்டு இருக்கும். ஒரு வருஷம் புளிக் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி சத்தமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பதில் இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பானுங்க, நீ மேல படி சாமி."

ராத்திரி கூத்தில் அதே கட்டம். துரோபதை வேஷம் கட்டுகிறவர் அன்றைக்கு விரதம். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, மண்ணில் விழுந்து, தாயே வேஷத்துக்காகத் தொடுகிறேன், மன்னித்துக்கொள் என்று கும்பிடுவார். ஆறடி ஆள், முகமெல்லாம் அரிதாரம், முழங்கை மண்ணில் படக் கிடப்பார். சின்னப் பெண்ணாக இருந்தபோது எனக்கு மனசில் பதிந்தது கண்ணன் புடவை கொடுத்ததைவிட இதுதான். பொம்பளையைத் தொட்டு இழுக்கிற ஆண் நாடகத்தில்கூடப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு விரித்த கூந்தலைத்தான் அவள் பதிமூன்று வருஷம் முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் காடு, ஒரு வருஷம் ஒளிந்து வாழ்ந்தது. பதிமூன்று வருஷம் காத்திருந்ததே பொறுமைதானே என்று எங்கள் மருமகன் கேட்டார். காத்திருந்தாள், சரி. மறந்தாளா?

பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டது 1912-ல். அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவா எங்கள் பாப்பாரப்பட்டியில் வந்து தங்கி, நாட்டையே அம்மனாக்கிப் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டவர். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23-ல், சிவா அங்கேயே கண்ணை மூடிவிட்டார். அந்த ஊரில் வேலை பார்த்தபோது அவர் நினைவிடத்தைத் தாண்டித்தான் தடுப்பூசிக்குப் போவேன். அந்த மனிதர்கள் யாரும் பொறுமையான அம்மனைத் தேடிப் போனவர்களாக எனக்குத் தெரியவில்லை.

இனி, இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம்.

1997, தை மாதம், மாம்பூ விட்டிருந்த சமயம். ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண் பிறந்திருக்கிறது என்று தகவல். மருத்துவச்சி பார்த்த பிரசவம். இரண்டாம் நாள் காலையிலேயே போனேன். அந்தக் காலத்தில் பெண் பிறந்த வீட்டுக்குள் நுழையும்போது எங்கள் கண் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் கொல்லையில் எருக்கஞ்செடி இருக்கிறதா என்று பார்க்கும். எருக்கம்பாலைப் புகட்டிப் பெண் சிசுவைக் கொல்கிற காலம் அது, அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் ஆரம்பித்தாலும் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது 2001-ல்தான். அந்த வருஷத்துக் கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயசுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826. பத்து வருஷம் கழித்து 913. இந்த எண்கள் பின்னால் வந்தவை. அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு எடைத் தராசும், துணிப் பையும், பயிற்சியில் கொடுத்த படப் புத்தகமும்தான்.

பிள்ளை பெற்றவள் தலையில் துணி கட்டியிருப்பாள். காது வழியாகக் குளிர் ஏறக் கூடாது என்று கிழவிகள் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இவள் சுவரில் சாய்ந்து, தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் காணாத முடி தோள் ரெண்டிலும் வழிந்து, மடியில் கிடக்கிற குழந்தையை மூடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ஜன்னி கண்டுடும், தலையைக் கட்டு" என்று அதட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அடுப்படியைப் பார்த்துச் சொன்னாள்: "இதுக்குப் பேர் வெச்சு, தொட்டில்ல போட்டு, காது குத்தி, ஊருக்குச் சோறு போடற வரைக்கும் நான் தலை முடியறதில்ல நர்சம்மா. எண்ணெயும் தொடறதில்ல."

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

மாமியார் வெளியே வந்தாள். கையில் துடுப்பு, அதில் களி ஒட்டியிருந்தது. மருமகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த அம்மாள் வருஷா வருஷம் வேப்பமரத்தடியில் புளி தட்டிக்கொண்டு பாரதம் கேட்டவள். பதினெட்டு அக்குரோணிச் சேனையும் மாண்டது ஒரு பெண்ணின் கூந்தலால் என்பது அவளுக்கு மனப்பாடம். "தாயே, அந்த மாதிரி வாய் விடாதே, தலையைக் கட்டு, கட்டுடி" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். மருமகள் கட்டவில்லை. நான் படப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. குழந்தையை எடை போட்டேன், 2 கிலோ 400. அட்டையில் எழுதிவிட்டு வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பதினாறாம் நாள் பேர் வைத்தார்கள். என்ன பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேர் வைத்த பிறகும் அந்தப் பெண் தலை முடியவில்லை. காது குத்தி ஊர்ச் சோறு போடுகிறவரை என்று சொன்னாள் அல்லவா, அதுவரை அப்படியே இருந்தாள். பேன் வந்து அவஸ்தைப்பட்டாள், நான்தான் மருந்து கொடுத்தேன்.

அந்த வருஷச் சித்திரையில் படுகளம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டாம் நாள் போர் முடிகிற காலையில், திடலில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். முப்பது அடி நீளம், உருட்டி வைத்த கண், முறுக்கு மீசை. பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அதைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிப்பான். தொடைக்குள் புதைத்து வைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் கொட்டும். துரோபதை அதைக் கூந்தலில் தடவி, சீவி, பூ வைத்து முடிவாள். அந்த நேரம் திடலில் குலவை கிளம்பும் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

நிறையப் பேர் அதோடு திருவிழா முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர் வழக்கத்தில் அதற்கப்புறம்தான் காந்தாரி வருவாள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கையில் துடைப்பமும் முறமுமாக, மகன் எங்கே மகன் எங்கே என்று தடவிக்கொண்டு வருவாள். மண் உடம்பின் கால் தட்டுப்பட்டதும் விழுவாள். அப்புறம் ஒப்பாரி. துரியோதனன் பெண்சாதி பெருந்திருவாளும் சேர்ந்துகொள்வாள். வேஷம் கட்டுகிறது ஆண்தான், பாடுகிறது நம் வீட்டு இழவில் பாடுகிற அதே ஒப்பாரி. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் குலவை போட்ட பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுவார்கள். எதிரியின் அம்மாவுக்காக! அதற்குள் பிரசங்கியார் நினைவுபடுத்துவார். கூந்தல் முடிந்தவளே, நீயும் சிரிக்காதே, இன்றைக்கு ராத்திரி அசுவத்தாமன் உன் பிள்ளைகள் ஐந்து பேரையும் தூக்கத்தில் வெட்டப் போகிறான் என்று. கேட்டது கிடைத்தவளுக்கும் அழுகை, கெடுத்தவனைப் பெற்றவளுக்கும் அழுகை. ஒப்பாரி முடிந்ததும் காந்தாரி எழுந்து, துடைப்பத்தாலும் முறத்தாலும் சுற்றி நிற்கிறவர்களைப் போட்டுச் சாத்துவாள். பீடை போகும் என்று முண்டியடித்துக்கொண்டு போய் அடி வாங்குவோம்.

அந்த ஒப்பாரியின்போது அந்த மாமியாரைப் பார்த்தேன். துரியோதனனின் கால் பக்கம், மண்ணிலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் நிறுத்தின பிறகும் நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தாள். மயக்கம் வந்துவிடப் போகிறதே என்று செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் மொதல்ல ஒண்ணு பொறந்துச்சு நர்சம்மா. பொட்டப்புள்ள. அஞ்சாம் நாளு. பேருகூட வைக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு நூறு, எனக்கு ஒண்ணு" என்றாள்.

அதுவரை அவளை நான் துச்சாதனன் கட்சியில்தான் வைத்திருந்தேன். அந்தக் குழந்தைக்காக அழ அவளுக்கு வீட்டில் இடம் இருந்திருக்காது. ஊரில் யாரிடம் சொல்வாள்? வருஷத்தில் ஒரு நாள், காந்தாரியோடு சேர்ந்து அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படி எத்தனை பேர் அந்தத் திடலில் எதற்கெதற்கோ அழுதார்களோ!

இப்போது என் புகாருக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பதினெட்டு நாள் பாரதம் பத்து நாளாகி, ஐந்தாகி, இப்போது மூன்று நாள். மத்தியானப் பிரசங்கம் நின்று ஆறேழு வருஷம் ஆகிறது. மூன்று நாளில் ஒரு ராத்திரி கூத்து, ஒரு ராத்திரி இன்னிசைக் கச்சேரி, கடைசி நாள் காலையில் படுகளம், சாயந்திரம் தீமிதி. காலம் மாறுகிறது, தெரியும். பையன்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் ஷிப்டு பார்க்கிறார்கள், பதினெட்டு நாள் லீவு யார் கொடுப்பார்கள்? துரியோதனனை ஜேசிபி வைத்து ஒரு மணி நேரத்தில் குவித்துவிடுகிறார்கள், அதிலும் எனக்கு வருத்தமில்லை, மண் சுமக்க ஆள் எங்கே? மூக்கு மட்டும் சரியாக வருவதில்லை.

ஆனால் இந்தச் சித்திரையில் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. படுகளம் மொத்தம் இருபது நிமிஷம். கூந்தல் முடிந்ததும் குழுவிலிருந்து ஒருவர் மைக்கை வாங்கி, அடுத்து அன்னதானம், எல்லோரும் வரிசையில் வரவும் என்று அறிவித்துவிட்டார். காந்தாரி வேஷக்காரர் கண்ணில் துணி கட்டி, முறமும் துடைப்பமுமாகப் பந்தல் ஓரத்தில் தயாராக நின்றிருந்தார். நல்ல நாளும் அதுவுமாக அழுகை எதற்கு, மங்களமாக முடித்துவிடலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். "அழுவறதுக்குப் பத்து நிமிஷம்கூட இல்லையாம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தீமிதிக்கு மட்டும் குறைவில்லை. மேலே டிரோன் கேமரா, கீழே ஆளுக்கொரு செல்போன். அக்கினியில் பிறந்தவள் துரோபதை, துருபதனின் வேள்விக் குண்டத்திலிருந்து எழுந்து வந்தவள், அதனால்தான் அவள் கோயிலில் தீ மிதிக்கிறோம் என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நிற்கும்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி கேட்டாள், "ஆயா, இந்தம்மா படத்துல மட்டும் ஏன் தலைய விரிச்சுட்டு இருக்காங்க?" அவள் வயசில் நான் அந்தக் கதையை ஐந்து தடவை முழுசாகக் கேட்டு முடித்திருந்தேன். வண்டிக்காரர் சில்லறை கொடுப்பதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன். துகில் வரைக்கும்தான் வந்தது.

விழாக் குழுவிடம் நேரில் போய்க் கேட்டேன். பதினோரு பேர், பதினோரு பேரும் ஆண்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்றார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு யார் தடுக்கிறார்கள் என்று கேட்டேன். யார் வந்து உட்காருவார்கள் என்றார்கள். புளி தட்டும் பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவரவர் வீட்டு வாசலில் தனித்தனியாக, டிவியைப் பார்த்துக்கொண்டு தட்டுகிறார்கள் என்றேன். அதற்குப் பதில் இல்லை. ஒரே ஒருவர் மட்டும், நர்சம்மா சொல்வதும் சரிதானே என்று எழுந்து நின்றார். விகர்ணன் எல்லாச் சபையிலும் ஒருவர் இருப்பார் போலிருக்கிறது. பெயரைப் போட்டால் அவருக்குச் சங்கடம்.

அடுத்த சித்திரைக்கு மூன்று மத்தியானமாவது பிரசங்கம் வைப்பது என்று நாங்கள் சில பெண்கள் முடிவு செய்திருக்கிறோம். குழு ஒத்துக்கொண்டால் கோயில் வாசலில், இல்லாவிட்டால் என் வீட்டு வாசலில். பிரசங்கியாரிடம் பேசிவிட்டேன். வயசு எழுபதைத் தாண்டிவிட்டது, பஸ் செலவும் மூன்று வேளைச் சாப்பாடும் போதும் என்கிறார். முதல் நாள் அவள் பிறப்பு, இரண்டாம் நாள் துகில், மூன்றாம் நாள் படுகளமும் காந்தாரியும். ஒப்பாரி பாடுகிறவரும் வருகிறேன் என்றிருக்கிறார், வேஷம் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பாடுவாராம்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் ரேணுகாதேவியையும் அங்காளம்மனையும் வெட்டிக்கொள்ளுங்கள், அவர்கள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். காந்தாரியை மட்டும் வெட்டாதீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை வெட்டியாகிவிட்டது.

அந்தக் கட்டுரை எழுதியவரை அந்த மூன்று நாளுக்கு அனுப்பி வையுங்கள். தீமிதிப் படம் எடுக்க வருகிற நிருபரோடு வந்தால் ஒன்றும் கேட்காது. மத்தியானமே வரட்டும். பாலக்கோட்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் இருபது நிமிஷம். எந்த ஊர் என்பதை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உட்காருவதற்கு ஒரு கோணி கொண்டுவரச் சொல்லுங்கள், சித்திரையில் தரை சுடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

(அந்தக் குடும்பத்தை நினைத்துத்தான் கேட்கிறேன், என் பெயரைப் போட வேண்டாம்.)